கள்ளிப் பெட்டிக்குப் பெயிண்டு. தேக்குப் பெட்டிக்கு மெழுகு!

போகி வருகிறது என்றால், பல வீடுகளில் ஒரு கேள்வியும் கூடவே வரும்.

"அந்தப் பழைய நாற்காலியை என்ன செய்வது?"

அது தாத்தா சாய்ந்து படுத்த நாற்காலியாக இருக்கும். அல்லது, பாட்டி சீர் கொண்டு வந்த மரப்பெட்டியாக இருக்கும். இப்போது கால் ஆடும். நிறம் கறுத்துக் கிடக்கும். நடையில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவர் காலில் எல்லாம் இடிக்கும்.

உடனே வீட்டில் மூன்று யோசனைகள் பிறக்கும்.

"பழைய சாமான்காரரிடம் போட்டு விடலாம்" என்பார் ஒருவர்.

"போகித் தீயில் போட்டு விடலாம்" என்பார் இன்னொருவர்.

"ஒரு டப்பா பெயிண்டு வாங்கி அடித்துவிட்டால் புதிதாகி விடும்" என்பார் மூன்றாமவர்.

மூன்றுமே அவசர யோசனைகள். முதல் யோசனையில் பணம் போகும். இரண்டாவது யோசனையில் உடல்நலம் போகும். மூன்றாவது யோசனையில் மரத்தின் அழகு போகும்.

நான்காவது வழி ஒன்று உண்டு. "இது என்ன மரம்? இதன் மேல் என்ன பூசியிருக்கிறது?" என்று முதலில் பார்ப்பது. பிறகு, மெழுகா, பெயிண்டா என்று முடிவு செய்வது. இதற்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரம், ஒரு தலைமுறைச் சொத்தைக் காப்பாற்றும்.

கவிழ்த்துப் பாருங்கள்!

சாமானைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். மேஜையானால், இழுப்பறையை வெளியே உருவிப் பாருங்கள். அடிப்பக்கத்துக்கு யாரும் பாலிஷ் போடுவது இல்லை. மரத்தின் உண்மையான நிறம் அங்கேதான் தெரியும்.

தேக்கு, பொன் கலந்த பழுப்பு நிறமாக இருக்கும். தடவினால் கையில் லேசான எண்ணெய்ப் பசை தெரியும். கொஞ்சம் சுரண்டினால், தோல் வாசனை போல ஒரு வாசனை வரும்.

ஈட்டி மரம், கருஞ்சிவப்பாக இருக்கும். நடுவே கறுப்பு வரிகள் ஓடும். தூக்கினால் கனக்கும். இதைத் தோதகத்தி என்றும் சொல்வார்கள்.

பலா மரம், மஞ்சளாக இருக்கும். வயது ஏற ஏறச் செம்பழுப்பாக மாறும். வீணை செய்வதும் இந்தப் பலா மரத்தில்தான்.

வெளுத்த நிறம், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது, தூக்கினால் கனமே இல்லை. அப்படியானால் அது கள்ளிப் பெட்டி வகை மரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரே மரத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. நடுவில் இருப்பது வைரம். பட்டையை ஒட்டி இருப்பது வெள்ளை. வைரம் பாய்ந்த பகுதிதான் உறுதியானது. பூச்சி முதலில் தின்பது வெள்ளையைத்தான். நாற்காலிக் காலுக்குக் கீழே அரிசி மாவு போலத் தூள் உதிர்ந்து கிடந்தால், உள்ளே பூச்சி இருக்கிறது என்று பொருள். அதைச் சரி செய்யாமல், மேலே எதைப் பூசினாலும் வீண்தான்.

மலையும் கடலும் தாண்டி வந்த மரம்

வைரம் பாய்ந்த மரத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை? அது ஒரு நாளில் விளைந்தது அல்ல. தேக்கு முற்றி நல்ல வைரம் பாய 50, 60 ஆண்டுகள் வேண்டும். நட்டவர் ஒருவர், வெட்டுகிறவர் அவருடைய பேரன்!

மலபாரில் ஆட்சியராக இருந்த கானலி, 1840களில் நிலம்பூரில் தேக்கு பயிரிட ஏற்பாடு செய்தார். சாத்து மேனன் என்பவர் கன்றுகளை வளர்த்துக் காட்டினார். மனிதன் நட்டு வளர்த்த தேக்குத் தோட்டங்களில், உலகத்திலேயே மிகப் பழையது அதுதான். இன்றும் அந்தத் தோட்டத்தில் தேக்கு மரங்கள் நிற்கின்றன.

நம் பொள்ளாச்சிக்கு மேலே, ஆனைமலையில், 'டாப் சிலிப்' என்ற இடம் இருக்கிறது. மலை மேலிருந்து தேக்குக் கட்டைகளைச் சரிவில் உருட்டி விடுவார்கள். அதனால்தான் அந்தப் பெயர் வந்தது. ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி, கைத்தடியால் மண்ணில் குத்திக் குத்தி, தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே நடப்பார் என்று அங்கே சொல்வார்கள். அவருடைய கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

செட்டிநாட்டுக்குத் தேக்கு, கப்பலில் வந்தது. பர்மாவில் தொழில் செய்த நகரத்தார், அந்த நாட்டுத் தேக்கைக் கொண்டு வந்து தூணும், கதவும், பெட்டகமும் செய்தார்கள். 1942ல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. நகரத்தாரின் பர்மா வாணிபம் குலைந்தது. 2014ல் மியான்மர் அரசு, தேக்கைக் கட்டையாகவே ஏற்றுமதி செய்வதற்குத் தடை போட்டது.

ஆகவே, உங்கள் வீட்டில் இருப்பது பழைய பர்மாத் தேக்கு என்றால், அதைப் போல் இன்னொன்றைச் செய்து வாங்குவது எளிது அல்ல.

இதை வியாபாரிகள் நன்றாக அறிவார்கள். காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனால், பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு வீட்டில் வேண்டாம் என்று தள்ளிய கதவும், பெட்டியும், அலமாரியும் அங்கே விலை பேசப்படுகின்றன. வாங்குகிறவர் அதைத் துடைத்து, மெழுகு போட்டு, தம் வீட்டு நடுக்கூடத்தில் வைக்கிறார். விற்றவரோ, அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, மரத்தூள் பலகையில் செய்த அலமாரியைத் தவணைக்கு வாங்குகிறார்!

மரத்தூள் பலகை என்பது, தூளையும் பசையையும் சேர்த்து அழுத்திச் செய்வது. பார்வைக்கு நன்றாக இருக்கும். விலையும் குறைவு. ஆனால், தண்ணீர் பட்டால் உப்பிக்கொள்ளும். திருகாணியை ஒரு முறை கழற்றினால், மறுமுறை இறுக்கமாகப் பிடிக்காது. இதை வாங்கக்கூடாது என்று சொல்லவில்லை. இதற்காகத் தேக்கை விற்கக்கூடாது என்றுதான் சொல்கிறோம்.

அழுக்கா? பழுதா?

"மரம் கெட்டுவிட்டது" என்று நாம் நினைப்பதில் பாதி, வெறும் அழுக்கு!

சாய்வு நாற்காலியில் தலை படும் இடத்தைப் பாருங்கள். கறுத்திருக்கும். அது பல ஆண்டுத் தலை எண்ணெய். பூஜை அறை அலமாரியைப் பாருங்கள். அதில் விளக்குப் புகையும், சாம்பிராணிப் புகையும் படிந்திருக்கும். இவற்றை மறைக்கப் பெயிண்டு அடிப்பது, குளிக்காமல் சட்டை மாற்றுவது போல!

முதலில், பித்தளைக் கைப்பிடிகளைத் திருகிக் கழற்றுங்கள். அவற்றைப் புளி போட்டுத் தனியாகத் தேய்க்கலாம். மரத்தோடு வைத்துத் தேய்த்தால், மரத்தில் கறை விழும்.

பிறகு, சிறிது சோப்புக் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டுத் துடையுங்கள். உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். மரத்தின் மேல் தண்ணீரைக் கொட்டக் கூடாது. வெயிலிலும் வைக்கக் கூடாது. வெயிலில் வைத்தால் பலகை வெடிக்கும். நிழலில் காயட்டும்.

காய்ந்த பிறகும் பிசுக்கு இருந்தால், டர்பன்டைன் தொட்ட துணியால் துடையுங்கள். பழைய மெழுகும் எண்ணெயும் கழன்று வரும். துணி கறுக்கக் கறுக்க, மரம் வெளுக்கும். பல வீடுகளில் வேலை இத்தோடு முடிந்துவிடும்.

இரும்பு நார் போட்டுத் தண்ணீரோடு தேய்ப்பது தவறு. இரும்பும், மரத்தில் உள்ள துவர்ப்புச் சத்தும், ஈரத்தில் சேர்ந்தால் கறுப்புப் புள்ளி விழும். பிறகு அது சுலபத்தில் போகாது.

நாற்காலியின் பிரம்பு தொய்ந்திருக்கிறதா? அறுந்து போகாமல் இருந்தால், கவிழ்த்து வைத்து, அடிப்பக்கத்தில் வெந்நீர்த் துணியால் நனைத்து நிழலில் உலர விடுங்கள். உலரும்போது பிரம்பு இறுகும்.

கால் ஆடுகிறதா? ஆணி அடிக்காதீர்கள்! ஆணி துருப்பிடிக்கும், மரத்தையும் பிளக்கும். பழைய தச்சர்கள், வஜ்ஜிரம் காய்ச்சித்தான் மூட்டுகளை ஒட்டினார்கள். வஜ்ஜிரம், வெந்நீர் பட்டால் இளகும். ஆகவே, மூட்டைச் சேதம் இல்லாமல் பிரித்து மறுபடியும் ஒட்டலாம். தச்சருக்கு அது சின்ன வேலை. ஆணி அடித்த மூட்டைப் பிரிப்பதோ பெரிய வேலை.

மேலே இருப்பது என்ன?

மரம் எது என்று பார்த்தோம். இனி, அதன் மேல் பூசியிருப்பது எது என்று பார்ப்போம்.

கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில், பாலிஷ் ஸ்பிரிட்டை ஒரு சொட்டு விடுங்கள். சில நிமிஷம் பொறுத்துத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசு என்று ஒட்டினால், அது அரக்கு பாலிஷ். ஒட்டாவிட்டால், அது வார்னிஷாகவோ எனாமலாகவோ இருக்கலாம். டர்பன்டைன் தொட்டதும் இளகினால், அது மெழுகு.

அரக்கு என்றதும் பாரதத்து அரக்கு மாளிகை உங்கள் நினைவுக்கு வரும். அதே அரக்குத்தான்! இலந்தை, புரசு முதலிய மரங்களில் சிறு பூச்சிகள் லட்சக்கணக்கில் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. அவை சுரக்கும் பிசின்தான் அரக்கு. அதை உருக்கி, மெல்லிய தகடாக்கி, உடைத்தால் அவல் போல இருக்கும். அதற்குத் தச்சர்கள் வைத்த பெயர், அவலரக்கு. அதை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினால் பளபளக்கும்.

இது நம் நாட்டுச் சரக்கு. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் ஏராளமாகக் கிடைக்கிறது. ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற ஊரில், 1924லேயே இதற்காக ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. தியாகராஜ பாகவதரின் பாட்டுகள் அந்தக் காலத்தில் கருப்பு இசைத்தட்டில் வந்தன அல்லவா? அந்த இசைத்தட்டுகளையும் அரக்கு சேர்த்துத்தான் செய்தார்கள்.

அரக்கு பாலிஷுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. மங்கிப் போனால் சுரண்ட வேண்டியது இல்லை. சுத்தம் செய்துவிட்டு, அதன் மேலேயே புதிதாகப் பூசலாம். பழையதும் புதியதும் ஒன்றாகக் கலந்துவிடும். ஒரு கெட்ட குணமும் உண்டு. சூடும் ஈரமும் அதற்கு ஆகாது. காப்பி டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். மழை நாளில் பூசினால் பூத்துப் போகும். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலை வேண்டாம். தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மெழுகு போடுவது எப்படி?

தேக்கு, ஈட்டி, பலா ஆகிய மூன்றுக்கும் ஏற்றது தேன்மெழுகு. பாலிஷ் ஓரளவு நன்றாக இருந்தால், அதன் மேலேயே மெழுகு போடலாம். பாலிஷ் இல்லாத மரத்திலும் போடலாம்.

ஒரு பங்கு தேன்மெழுகுக்கு, மூன்று அல்லது நான்கு பங்கு டர்பன்டைன் வேண்டும். 100 கிராம் மெழுகுக்கு, 300 முதல் 400 மில்லி போதும். இது ஒரு வீட்டுச் சாமானுக்குத் தாராளமாகக் காணும்.

மெழுகைச் சீவி ஒரு டப்பாவில் போடுங்கள். அந்த டப்பாவை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வையுங்கள். மெழுகு, 62 டிகிரிக்குச் சற்று மேலே போனால் உருகிவிடும். பாத்திரத்தை நேரே நெருப்பில் வைக்கத் தேவையே இல்லை.

மெழுகு உருகியதும், அடுப்பை அணைத்து விடுங்கள். டப்பாவை வெளியே, காற்றோட்டமான இடத்துக்கு எடுத்துப் போங்கள். அதன் பிறகுதான் டர்பன்டைனை ஊற்றிக் கலக்க வேண்டும். இதை மறக்கக் கூடாது. டர்பன்டைன் ஆவி சுலபமாகத் தீப்பற்றும். சமையல் அறையில் வைத்து அதைக் கலக்கவே கூடாது!

கலவை ஆறினால் வெண்ணெய் போல இருக்கும். பழைய வேட்டித் துணியில் கொஞ்சமாகத் தொட்டு, மரத்தின் ரேகை ஓடுகிற திசையில் தேயுங்கள். கொஞ்சம்தான்! அதிகம் பூசினால் பிசுபிசுக்கும், தூசி ஒட்டும். கால் மணி, இருபது நிமிஷம் பொறுங்கள். பிறகு சுத்தமான பருத்தித் துணியால், கை வலிக்கத் தேயுங்கள். பளபளப்பு மெழுகில் இல்லை, தேய்ப்பில்தான் இருக்கிறது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்லது ஆண்டுக்கு ஒரு முறை இப்படிச் செய்தால் போதும். இழுப்பறை இறுகிப் போய் இழுக்க வரவில்லையா? அதன் இரண்டு பக்கத்திலும் மெழுகுவர்த்தியைத் தேய்த்து விடுங்கள். வழுக்கிக்கொண்டு வரும்.

சிலர் மெழுகுக்குப் பதில் ஆளி விதை எண்ணெய் போடுவது உண்டு. அதில் தவறு இல்லை. ஆனால், அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்! துணியை விரித்து, வெளியே காயப் போடுங்கள்.

பெயிண்டு எதற்கு?

பெயிண்டு கெட்டது அல்ல. அதற்கென்று இடம் உண்டு.

கள்ளிப் பெட்டி மரம், ஒட்டுப் போட்ட மரம், பல நிறப் பலகைகளைச் சேர்த்துச் செய்த சாமான், சமையல் அறைத் தட்டு, திண்ணையில் மழைச் சாரல் படும் பெஞ்சு ஆகியவற்றுக்குப் பெயிண்டுதான் சட்டை. மரத்தில் அழகு இல்லாத இடத்தில், நிறம் அழகு தரும். ஈரத்திலிருந்தும் காக்கும்.

முறை இதுதான்: முதலில் சுத்தம். பிறகு உப்புத்தாள். 120 எண் தாளில் ஆரம்பித்து, 220 எண் தாளில் முடிக்கலாம். ரேகையின் திசையிலேயே தேய்க்க வேண்டும். தூசியைத் துடைத்துவிட்டுப் பிரைமர் அடியுங்கள். பள்ளம் இருந்தால் பட்டி பாருங்கள். காய்ந்ததும் மறுபடி உப்புத்தாள் போட்டு, பெயிண்டு அடியுங்கள். ஒரே தடவையில் கனமாகப் பூசாதீர்கள், ஒழுகும். மெல்லியதாக இரண்டு தடவை பூசுங்கள். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவே, டப்பாவில் அச்சிட்டிருக்கும் நேரம் வரை பொறுங்கள்.

ஒரு விதியை நினைவில் வையுங்கள். முதலில் பெயிண்டு; கடைசியில் மெழுகு. பெயிண்டின் மேல் மெழுகு நிற்கும். மெழுகின் மேல் பெயிண்டு நிற்காது! உரிந்து விழும். தேக்கிலும் இதே சங்கடம்தான். அதன் எண்ணெய்ப் பசை, பெயிண்டைச் சரியாகப் பிடிக்க விடாது. தேக்குக்குப் பெயிண்டு வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

பெயிண்டும் மெழுகும் சேர்ந்த முறை ஒன்று இப்போது எங்கும் பரவியிருக்கிறது. இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் என்ற பெண்மணி, 1990ல் 'சாக் பெயிண்டு' என்ற ஒரு வகைப் பெயிண்டை உண்டாக்கினார். சுண்ணாம்பு அடித்த சுவர் போல, பளபளப்பு இல்லாமல் இருக்கும். அதிகம் உப்புத்தாள் போட வேண்டியது இல்லை. மேலே மெழுகு தேய்த்தால் வழவழப்பு வந்துவிடும். சாதாரண மரச் சாமானுக்கு இது நல்ல வழி. ஆனால், படத்தில் பார்த்த ஆசையில், வைரம் பாய்ந்த ஈட்டி அலமாரிக்கு வெள்ளைப் பெயிண்டு அடித்துவிடாதீர்கள். அடிப்பது ஒரு நாள் வேலை. ரேகைக்குள் புகுந்த பெயிண்டை எடுப்பது பல நாள் வேலை.

குழந்தை இருக்கும் வீடா? நில்லுங்கள்!

இதுவரை சொன்னது அழகைப் பற்றியும், பணத்தைப் பற்றியும். இனிச் சொல்வது உயிரைப் பற்றி.

பழைய பெயிண்டுகளில் ஈயம் கலந்திருந்தது. வெள்ளை, மஞ்சள், சிவப்பு ஆகிய நிறங்களில் ஈயச் சேர்க்கை சாதாரணமாக இருந்தது. ஈயம் ஒரு விஷம். அது குழந்தையின் மூளையைத் தாக்கும். படிப்பு ஏறாது, ரத்தசோகை வரும். 'இவ்வளவு ஈயம் உடம்பில் சேர்ந்தால் பரவாயில்லை' என்று ஓர் அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இன்னொரு கொடுமை, ஈயப் பெயிண்டின் செதில் இனிக்கும். குழந்தை அதை எடுத்துச் சப்பும்!

அமெரிக்காவில், வீட்டுப் பெயிண்டில் ஈயம் சேர்ப்பதை 1978லேயே தடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் 2016ல் விதி வந்தது. 2017 நவம்பர் 1ந் தேதி முதல் அது நடைமுறைக்கு வந்தது. பெயிண்டின் எடையில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்பது விதி.

ஆகவே, 2017க்கு முன்னால் பெயிண்டு அடித்த சாமான் என்றால், அதில் ஈயம் இருக்கலாம் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். அப்போது என்ன செய்வது?

பெயிண்டு உரியாமல் நன்றாக இருந்தால், சுரண்டவே வேண்டாம். துடைத்துவிட்டு, உப்புத்தாளை நனைத்து லேசாகத் தேய்த்து, மேலே புதுப் பெயிண்டை அடித்து மூடிவிடுங்கள்.

உரிந்து கொண்டிருந்தால், வீட்டுக்கு வெளியே கொண்டு போங்கள். கீழே தார்ப்பாயை விரியுங்கள். குழந்தைகளும், கர்ப்பிணிகளும் அருகில் வரக் கூடாது. பெயிண்டை நனைத்து நனைத்துச் சுரண்டுங்கள். காய்ந்த நிலையில் சுரண்டினால் தூள் பறக்கும். முகத்தில் கைக்குட்டை கட்டினால் போதாது. நுண்ணிய தூசியைத் தடுக்கும் முகமூடி வேண்டும். நெருப்புக் காட்டி உரிக்கக் கூடாது. முடிந்ததும், துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். உடுத்திய துணியைத் தனியாகத் துவையுங்கள். கை கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.

தொட்டில், நடைவண்டி, மரப்பொம்மை ஆகியவை குழந்தை வாய் வைக்கும் சாமான்கள். இவற்றில் பழைய பெயிண்டு உரிந்திருந்தால், அவற்றை மறுபடியும் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். அப்பா ஆடிய தொட்டிலாக இருக்கலாம். பரண் மேல் நினைவாக இருக்கட்டும்.

போகித் தீயில் பெயிண்டு அடித்த மரத்தைப் போடக் கூடாது என்பதும் இதனால்தான். அதில் உள்ள ஈயம் எரிந்து போகாது. புகையிலும் சாம்பலிலும் தங்கும். அந்தப் புகையைத் தெருவே சுவாசிக்கும். புகையில்லாப் போகி கொண்டாடுங்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. அந்த வேண்டுகோளில் டயருக்கும் பிளாஸ்டிக்குக்கும் சொல்வது, பெயிண்டு அடித்த பழைய கதவுக்கும் பொருந்தும்.

தச்சர் கையும் வேண்டும்

சாமான் மட்டும் பழையது அல்ல. அதைச் சீராக்கும் கைத்தொழிலும் பழையது. அவலரக்கைக் கரைத்து, பஞ்சைத் துணியில் சுற்றி, வட்டம் வட்டமாகத் தேய்த்து, கண்ணாடி போலப் பாலிஷ் ஏற்றும் கைகள் இன்று குறைந்து வருகின்றன. காரணம் என்ன? நாம் வேலை கொடுப்பது இல்லை. "இதற்கு இவ்வளவு கூலியா? இந்தப் பணத்துக்குப் புதிதே வாங்கலாமே!" என்கிறோம்.

புதிதாக வாங்குவது எத்தனை ஆண்டு வரும் என்று கணக்குப் பாருங்கள். சீராக்கிய தேக்கு நாற்காலி எத்தனை ஆண்டு வரும் என்றும் பாருங்கள். இரண்டையும் ஆண்டுக்கு இவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். கூலி அதிகம் அல்ல என்பது விளங்கும்.

இது வீடுகளுக்கு மட்டும் சொல்வது அல்ல. பழைய பள்ளிக்கூடங்களிலும் அரசாங்க அலுவலகங்களிலும், கால் ஒடிந்த தேக்கு பெஞ்சுகளும் நாற்காலிகளும் தாழ்வாரத்தில் குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழையில் நனைந்து, வெயிலில் வெடித்து, கடைசியில் விறகு விலைக்கு ஏலம் போகின்றன. அவை மக்கள் வரிப் பணத்தில் வாங்கியவை. தொழிற்பயிற்சி நிலையங்களில் தச்சு வேலை கற்கும் மாணவர்களிடம் அவற்றை ஒப்படைத்தால் என்ன? மாணவர்களுக்குத் தொழில் கிடைக்கும். பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு கிடைக்கும். அதிகாரிகள் இதை யோசிக்க வேண்டும்.

மூன்று வரியில்...

சொன்னதை எல்லாம் மூன்று வரியில் சுருக்கிச் சொல்லலாம்.

வைரம் பாய்ந்த மரத்துக்கு மெழுகு.

மற்ற மரத்துக்குப் பெயிண்டு.

பெயிண்டு உரிந்த பழைய சாமானைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பரண் மேல் இருப்பதை இறக்குங்கள். கவிழ்த்துப் பாருங்கள். ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள். அழுக்குக்குக் கீழே பொன் நிறம் தெரிந்தால், பழைய சாமான்காரரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்!